‘அஜாக்கிரதை’ என்ற சொல்லை என் பெயருக்கு மாற்றித் தரக் கோருவது

அனுப்புநர்:
கோ. முனிரத்தினம்,
நெல் மிஷின் டிரைவர்,
புளியந்தாங்கல் கிராமம்,
சத்தியவேடு பிர்க்கா,
சித்தூர் ஜில்லா (மார்ச் மாதம் வரை செங்கல்பட்டு ஜில்லா).

பெறுநர்:
உயர்திரு மின்சாரப் பரிசோதனை அதிகாரி அவர்கள்,
முகாம்: திருப்பதி.

பொருள்: வயர்மேன் துலுக்காணத்தின் பெர்மிட்டை ரத்து செய்தது – அதற்குக் காரணமாக எழுதப்பட்ட ‘அஜாக்கிரதை’ என்ற சொல் பொய் – அதைச் சொன்னவன் நான் – நீக்கித் தர வேண்டுவது.

பார்வை: புளியந்தாங்கல் நெல் மிஷினில் 26-4-1960 அன்று தாங்கள் நடத்திய விசாரணையும், 14-6-1960 தேதியிட்ட தங்கள் உத்தரவும்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. நான் மேற்படி மிஷினில் பதினான்கு வருஷமாக டிரைவராக இருக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. நான்காம் வகுப்புக்குப் போன முதல் நாளே வாத்தியார் நடப்பதைப் போல நடந்து காட்டியதால் வெளியே அனுப்பப்பட்டவன். பிறகு வாழ்நாள் முழுவதும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். யாரைக் கண்டாலும் கிண்டல். எங்கள் ஊரில் என் வாயில் விழாதவர்கள் மாரியம்மனும் கர்ணமும்தான். அதிலும் கர்ணம் பாதி விழுந்தவர்.

2. ஏப்ரல் முதல் தேதி எங்கள் ஊர் உட்கார்ந்த இடத்திலேயே ஆந்திராவுக்குப் போய்விட்டது. எங்களுக்குத் தெலுங்கு பேச வரும், சண்டை போடவும் வரும். எழுத வராது. ஆகையால் திருப்பதி கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரிடம் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் தெலுங்கில் எழுதிப் படித்துக் காட்டினார். எல்லாம் கல்யாணப் பத்திரிகை போல அழகாக இருந்தது. நான் செய்தது மட்டும் அதில் இல்லை. கேட்டதற்கு, “அதெல்லாம் எழுதினா கேஸ் உன் மேல திரும்பும் அண்ணா” என்றார். திரும்புவதற்காகத்தானே வந்தேன் என்று எழுந்து வந்து இதை நானே தமிழில் எழுதுகிறேன். தங்கள் ஆபீஸில் தமிழ் படிக்கும் குமாஸ்தா ஒருவர் உண்டு என்று கேள்வி. அவர் படிக்கும்போது நடுவில் சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும். ஐந்தாம் பாராவுக்கு மேல் வராது.

3. துலுக்காணம் என் மனைவி பொன்னியம்மாவின் தம்பி. வயது முப்பத்தொன்று. பாகாலாவில் ஒரு மேஸ்திரியிடம் வயர் வேலை கற்று, பரீட்சை எழுதி பெர்மிட் வாங்கியவன். மனுவில் ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டுமாம். மச்சானை ‘அவர்’ என்று எழுதக் கை கூசுகிறது. அவன் என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும். மச்சானைக் கிண்டல் செய்வது எங்கள் பக்கத்தில் உரிமை. செய்யாவிட்டால்தான் உறவில் ஏதோ கசப்பு என்று பேசிக்கொள்வார்கள். அந்த உரிமையை நான் மிச்சம் வைக்காமல் அனுபவித்தவன்.

4. சென்ற ஜனவரியில் எங்கள் மிஷின் மோட்டார் கரண்டை வீணாக இழுக்கிறது என்றும், அதற்குக் கண்டென்சர் பொருத்த வேண்டும் என்றும் நோட்டீசு வந்தது. துலுக்காணம்தான் பொருத்தினான். அது என்ன என்று நான் கேட்டபோது அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மோட்டாரு ரெண்டு மாதிரி கரண்ட் இஸ்துக்குது மாமா. ஒண்ணு வேலை செய்யுது. இன்னொண்ணு சும்மா லைன்ல போய்க்கினு வந்துக்கினு கீது. அந்தச் சும்மா கரண்டை இந்த டப்பா மோட்டாரு பக்கத்துலயே வச்சிக் குடுத்துடும். கம்பி காயாது, ஊர்ல லைட்டு மங்காது.” இன்னும் பெரிய டப்பா போட்டால் இன்னும் நல்லதுதானே என்று முதலாளி கேட்டார். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. டப்பா மோட்டாருக்குத் தக்கபடிதான் இருக்க வேண்டும், அளவு மீறினால் ஸ்டார்ட்டரை நிறுத்திய பிறகும் சுற்றுகிற மோட்டார் தானே கரண்டைக் கிளப்பிவிட்டுக்கொள்ளும் என்றான். டப்பாவின் உடம்பிலிருந்து தனிக் கம்பி இழுத்து, உப்பும் கரியும் போட்ட குழியில் புதைத்தான். அஜாக்கிரதைக்காரன் செய்கிற வேலையா இது என்று தாங்களே பார்த்துக்கொள்ளவும்.

5. அந்த டப்பாவின் விசேஷம் என்னவென்றால், மெயினை நிறுத்தினாலும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும். மோட்டார் செத்துக் கிடக்கும், டப்பா உயிரோடிருக்கும். ஆகவே அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்தேன். ஒரே வாரத்தில் ஊர் முழுக்க அந்தப் பெயர்தான். நெல் கொண்டுவருகிற பெண்கள்கூட, “இன்னிக்கி மாமியாரு எப்பிடி கீறாங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குவார்கள். பொன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் மாமியார் அவளுக்கு அம்மா அல்லவா.

6. டப்பாவைத் திறப்பதற்கு முன் துலுக்காணம் ஒரு வழக்கம் வைத்திருந்தான். மெயினை நிறுத்துவான். மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் ஜோபியில் போட்டுக்கொள்வான். அவனிடம் கடிகாரம் கிடையாது. ஆகவே வாய்விட்டு ஒன்றிலிருந்து முந்நூறு வரை எண்ணுவான், அதுதான் அவனுக்கு ஐந்து நிமிஷம். தங்கின கரண்டை மெதுவாக வடித்துவிட டப்பாவுக்குள் ஒரு பீங்கான் குச்சி இருக்கிறது, ஆனால் அது உள்ளே முறிந்துபோனால் வெளியே தெரியாது, அதனால் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது என்பான். முந்நூறு முடிந்ததும், மெழுகு காய்ச்சி ஏற்றி, நுனியில் செம்புக் கம்பி சுற்றிய ஒரு மூங்கில் கழியால் டப்பாவின் மூன்று முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தட்டி, மிச்சமிருக்கிற கரண்டைத் தீர்ப்பான். அதற்குப் பிறகுதான் கை வைப்பான். அந்தக் கழியை அவனே செய்தான். டப்பாவின் மேல் சாக்குக் கட்டியால் ‘எண்ணித் தொடு’ என்று எழுதியும் வைத்தான். தவிட்டுத் தூசி படிந்து மறையும்போதெல்லாம் திரும்ப எழுதுவான்.

7. இனி என் வேலையைச் சொல்கிறேன். அவன் எண்ண ஆரம்பித்ததும் நான் பக்கத்தில் நின்று வேறு எண்களைச் சொல்வேன். அவன் “நூத்திப் பத்து” என்றால் நான் “அறுபத்தேழு” என்பேன். அவன் “நூத்திப் பதினொண்ணு” என்றால் “எம்பத்திரெண்டு.” இரண்டு நிமிஷத்தில் அவனுக்குக் கணக்குத் தவறிவிடும். திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவான். ஒருநாள் மூன்று தடவை அப்படித் தொடங்க வைத்தேன். செங்கம்மா என்று தவிடு சலிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள், அவளும் எனக்குப் பின்பாட்டு. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். “கரண்ட் போன டப்பாவுக்குப் பயந்துக்கினு நிக்கிற ஆம்பளையை எங்கனா பார்த்துகீறீங்களா? இவன் பொண்டாட்டி எப்பிடித்தான் குடித்தனம் பண்றாளோ, கிட்ட போறதுக்கு முன்னாடி முந்நூறு எண்ணுவான் போல” என்று நான் சொன்னதும் உண்டு. பதினைந்து பேருக்கு முன்னால் சொன்னது. அவன் காது சிவந்துவிடும். ஆனாலும் எண்ணுவான். இதைத் தாங்கள் கவனிக்க வேண்டும் ஐயா. மூன்று மாதம், அத்தனை சிரிப்புக்கும் நடுவில், அவன் ஒரு தடவைகூடக் கழி தட்டாமல் கை வைத்ததில்லை.

8. ஏப்ரல் 11-ஆம் தேதி, திங்கட்கிழமை, பகல் பதினொரு மணி. வருஷப் பிறப்புக்கு முந்தின கூட்டம். முப்பது கூடைக்கு மேல் வரிசையில் இருந்தது. டப்பாவில் ஒரு முனை லூசாகிக் கருகல் வாடை வந்தது. மிஷினை நிறுத்தித் துலுக்காணத்தைக் கூப்பிட்டோம். வந்தான். மெயினை நிறுத்தினான். கட்டைகளைப் பிடுங்கி ஜோபியில் போட்டான். கழியை எடுக்கச் சுவர்ப் பக்கம் போனான். ஆணியில் கழி இல்லை.

“மாமா, கழி எங்க?”

“மாமியாரு எடுத்துக்கினு போய்ட்டாங்க. அவங்களுக்கும் வயசாவுதில்ல, ஊனிக்கினு நடக்க வேணாமா?”

முப்பது கூடையும் சிரித்தது. அவன் ஸ்டார்ட்டருக்குப் பின்னால் தேடினான், பெல்ட் குழிக்குள் எட்டிப் பார்த்தான். “மாமா, வெளையாடாத மாமா. கழி வோணும்” என்று இரண்டாந்தரம் கேட்டான். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். உள்ளேயிருந்து முதலாளி, “இன்னும் எவ்ளோ நேரம்டா?” என்று சத்தம் போட்டார். வரிசையில் நின்றவர்கள் வருஷப் பிறப்பு அடுத்த வருஷம்தானா என்று கேட்டார்கள். அப்படிக் கேட்கச் சொல்லிக் கண் காட்டியவனும் நான்தான்.

9. சரி, கழி இல்லாவிட்டால் ஐந்நூறாக எண்ணிவிடுகிறேன் என்று அவன் ஆரம்பித்தான். நான் தடுத்தேன். “டேய் மச்சான், ஊரு ஆந்திராவாகிப் பத்து நாளாச்சி. மாமியாருக்கு இனிமே தமிழ் தெரியாது. தெலுங்குல எண்ணு” என்றேன். கூட்டம் கை தட்டியது. சந்தையில் நாங்கள் எல்லோரும் தெலுங்கில் பேரம் பேசுகிறவர்கள்தான், ஆனால் வரிசையாக எண்ணிப் பார்த்தவன் எவன்? அவன் “ஒகட்டி, ரெண்டு, மூடு” என்று ஆரம்பித்தான். இருபதைத் தாண்டும்போது வேர்த்துவிட்டது. இருபத்தெட்டுக்கு “இரவை எனிமிதி” என்றான். இருபத்தொன்பதுக்கு “இரவை தொம்மிதி” என்றான். முப்பதுக்கு ‘முப்பை’ என்று சொல்ல வேண்டும். ‘தொம்மிதி’ வாயில் ஒட்டிக்கொண்டதால் “தொம்பை” என்றுவிட்டான். தெலுங்கில் அது தொண்ணூறு என்பது தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சிரிப்பைப் போல ஒரு சிரிப்பு எங்கள் மிஷினில் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்கவில்லை. செங்கம்மா சலித்த தவிட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்னேன்: “போதும்டா. ஒரே தாவுல தொண்ணூறுக்குப் போய்ட்ட. மாமியாருக்கே சிரிப்பு வந்துட்ச்சி, கோவம் தணிஞ்சிருக்கும். தொடு.”

தொடு என்று சொன்னது நான். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தொட்டான்.

10. ‘டப்’ என்று ஒரு சத்தம். பின்பக்கமாக எகிறிப் பெல்ட் குழியில் விழுந்தான். அவன் நடிக்கிறான் என்று நினைத்தேன். என்னைப் பழி வாங்க அவனுக்கும் ஒரு நாள் வேண்டுமே என்று நினைத்தேன். ஆகவே குழி விளிம்பில் நின்று, மல்யுத்தத்தில் விழுந்தவனுக்கு எண்ணுவதுபோல, கையைத் தூக்கி “ஒகட்டி, ரெண்டு, மூடு” என்று எண்ண ஆரம்பித்தேன். கூட்டமும் சேர்ந்துகொண்டது. எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். தெலுங்கு வராதவர்கள் தமிழில் எண்ணினார்கள். நாற்பது வரை போனோம். நாற்பதில் செங்கம்மா, “யோவ், கை கருப்பா கீதுய்யா” என்றாள்.

இதைத் தங்கள் விசாரணையில் யாரும் சொல்லவில்லை. அன்று எண்ணியவர்களில் யாரைக் கேட்டாலும் தான் வாயைத் திறக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். சத்தமாக எண்ணியவன் நான். என் பெயர் ஒன்று போதும்.

11. வலது கையில் மூன்று விரல்களைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். விழுந்ததில் முறிந்த முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது. டப்பாவைத் திறந்து பார்த்தபோது உள்ளே பீங்கான் குச்சி முறிந்திருந்ததாகத் தங்கள் உத்தரவிலேயே இருக்கிறது. அதைப் படிக்கக் கேட்டதிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எண்ணிக்கையைக் கெடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அதுவரை மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். எண்ணிக்கை எல்லோரும் சேர்ந்து கெடுத்தது, பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் குச்சி முறிந்திருந்தால், அவன் ஐந்நூறு எண்ணியிருந்தாலும் விழுந்திருப்பான். கழி ஒன்றுதான் அவனைக் காப்பாற்றியிருக்கும்.

12. தங்கள் உத்தரவில், ‘பாதுகாப்புக் கழி தவிட்டு அறையில் கிடந்தது, மேற்படி வயர்மேன் அதைக் கண்ட இடத்தில் எறிந்துவிட்டு வேலை செய்தது அவருடைய வழக்கமான அஜாக்கிரதையைக் காட்டுகிறது’ என்று எழுதியிருக்கிறது. ஐயா, கழி தவிட்டு அறையில் கிடக்கவில்லை, புதைந்திருந்தது. அன்று காலை ஒன்பது மணிக்கு நான்தான் புதைத்தேன், முழங்கை ஆழம். அவன் தேடுவதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை.

13. ‘வழக்கமான அஜாக்கிரதை’ என்ற வார்த்தையும் தங்களுடையது அல்ல. 26-ஆம் தேதி தாங்கள் மிஷினுக்கு வந்து, இந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று தெலுங்கில் கேட்டீர்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டு, “வாடு எப்புடூ இந்தே சார், அஜாக்ரத்த மனிஷி” என்றேன். அவன் எப்போதும் இப்படித்தான், அஜாக்கிரதையான மனுஷன் என்று அர்த்தம். தங்களோடு வந்த குமாஸ்தாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பயந்து சொன்ன பொய் என்று எழுதினால் எனக்கு மரியாதையாக இருக்கும். பயம் பாதிதான். புதிய அதிகாரி, புதிய ராஜ்யம், முதல் தடவையாகத் தெலுங்கில் ஒரு அதிகாரியைச் சிரிக்க வைக்கலாம் என்ற ஆசை மீதி.

அன்று மாலை இதையும் வீட்டில் ஒரு கதையாகச் சொன்னேன். பொன்னியம்மா கேட்டாள்: “அப்பிடியா சொன்ன? அவன் கை அங்க அழுகிக்கினு கீது, நீ இங்க அப்பிடியா சொன்ன?” அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவது ஒரே ஒரு வாக்கியம். தட்டை வைத்துவிட்டு, “முந்நூறு எண்ணிட்டுத் துன்னு” என்பாள். இரண்டு வேளையும் எண்ணுகிறேன். எதிரே நின்று கேட்பாள். தவறினால் ஒன்றிலிருந்து.

14. துலுக்காணம் கை போனதால் உட்கார்ந்துவிட்டான் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. இடது கையால் ஸ்க்ரூ முறுக்கப் பழகிவிட்டான். மடங்கிய வலது கையால் டார்ச்சைப் பிடிக்கிறான். அவன் நிற்பது தங்கள் உத்தரவால்தான். பெர்மிட் இல்லாமல் ஒரு வீட்டில் பல்பு மாட்டக்கூட அவனைக் கூப்பிடப் பயப்படுகிறார்கள். அதைவிட, அவனே போக மாட்டேன் என்கிறான். சட்டம் என்றால் சட்டம் என்கிறான். அவ்வளவு ஜாக்கிரதை. இப்போது எங்கள் மிஷினுக்கு வருகிற புது ஆள் எண்ணுவதில்லை, கழியும் கிடையாது. மெயினை நிறுத்தியதும் டப்பாவைத் திறக்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

15. இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனபோது கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, “மாமா, கழி கெடச்சிதா?” என்று கேட்டான்.

“கெடச்சிது” என்றேன்.

“எங்க இருந்துச்சி?”

“தவுட்டுல.”

“நான் தவுட்டுப் பக்கம் போவவே இல்லியே மாமா” என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தங்கள் உத்தரவை எதிர்த்து மனுவும் போடவில்லை. போட்டால் கழி எப்படித் தவிட்டுக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டியிருக்கும். அக்காள் புருஷன் பெயரை எழுத வேண்டியிருக்கும். மூன்று விரலும் பெர்மிட்டும் போன பிறகும் அவன் எழுதவில்லை. நான் அவன் குடித்தனத்தைப் பற்றிப் பதினைந்து பேருக்கு முன்னால் சொன்னதை மேலே ஏழாம் பாராவில் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும்.

16. ஆகவே ஐயா அவர்கள் தயவு செய்து,

துலுக்காணத்தின் பெயருக்கு எதிரே உள்ள ‘அஜாக்கிரதை’ என்ற சொல்லை அடித்துவிட்டு, அவன் பெர்மிட்டைத் திரும்பக் கொடுக்க வேண்டுகிறேன். அடித்த சொல்லை வீணாக்க வேண்டாம், என் பெயருக்கு எதிரே எழுதிக்கொள்ளவும். அதுவும் போதாது என்று எனக்குத் தெரியும். கவனம் இல்லாமல் செய்வதுதான் அஜாக்கிரதை. நான் கவனமாகத்தான் புதைத்தேன். அதற்குத் தங்கள் சட்டத்தில் வேறு ஒரு சொல் இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளவும். போலீசுக்கு அனுப்ப வேண்டுமானால் அனுப்பவும். முதலாளியிடம் சொல்லிவிட்டேன், நாளையிலிருந்து மிஷினுக்கு வேறு டிரைவர்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டால் ஒரு விண்ணப்பம். கேள்வி கேட்டதும் பதிலை உடனே எழுதிக்கொள்ளச் சொல்லாதீர்கள். முதலில் என் வாயில் வருவது கிண்டல்தான், நாற்பத்தாறு வருஷப் பழக்கம். முந்நூறு எண்ணும்வரை குமாஸ்தாவை நிறுத்தி வைக்கவும். அதற்குப் பிறகு சொல்வதை எழுதிக்கொள்ளவும்.

கூப்பிட்டால் சிரிக்காமல் வந்து நிற்கக் கூடியவன்,

கோ. முனிரத்தினம்
(கையொப்பம்)

இடம்: புளியந்தாங்கல்
நாள்: 19-9-1960

இணைப்பு: மூங்கில் கழி ஒன்று. நீளம் இரண்டு முழம், நுனியில் செம்புக் கம்பி. கம்பிச் சுற்றுக்குள் இன்னும் தவிடு இருக்கிறது, நான் துடைக்கவில்லை. சாட்சிக்கு வைத்துக்கொள்ளவும். வேலை முடிந்ததும் என்னிடம் திருப்பி அனுப்ப வேண்டாம். பெர்மிட்டோடு சேர்த்துத் துலுக்காணத்திடம் கொடுக்கவும், இடது கையில்.